மூன்றாவது கியர்

கௌசிக்கின் படத்தைப் பேப்பரில் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூற்று நாலில் நாங்கள் இருவரும் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். கல்கத்தாவில் அவன் வீடு டாக்குரியா பக்கம், என் வீடு கார்டன் ரீச் பக்கம். பழைய ஃபியட் எஞ்சினை வைத்து, ஹவுராவில் ஒரு பட்டறையில் ஒரு வருஷம் கிரீஸும் கரியுமாகக் கிடந்து கட்டிய ஸ்போர்ட்ஸ் கார். கல்கத்தாவுக்கு வெளியே, யுத்தகாலத்து விமான ஓடுதளம்தான் பந்தயத் தடம். அங்கே அந்த ஆறு மணி நேரப் பந்தயம் எங்கள் அப்பாக்கள் கல்யாணம் ஆகாமல் திரிந்த நாளிலிருந்தே நடக்கிறது. ஜெயித்தவனைவிட, வண்டியைக் கடைசிவரை கொண்டுவந்து சேர்த்தவனுக்குத்தான் அங்கே மரியாதை.

அந்த வருஷம் மெட்ராஸ் டீமுக்கு ஆள் எடுக்க மஹாதேவன் வந்திருந்தார். எங்களில் ஒருவருக்குத்தான் இடம். எனக்கு அது வெறியாக வேண்டியிருந்தது.

ஆள் மாறும்போது, இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு பெல்ட் மாட்டி, வண்டியில் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். அது அந்தத் தடத்தின் வழக்கம். மறைத்தால் உயிருக்கே ஆபத்து. கௌசிக் என் பெல்ட்டை இறுக்கினான்.

"பிரேக், டயர், கியர், எல்லாம் டிக் ஆச்சே, சரியா இருக்கு மஹிமா. ஒரு குறையும் இல்ல. போயிட்டு வா."

முதல் வளைவிலேயே மூன்றாவது கியர் விழவில்லை. மறுபடி போட்டேன், வெறும் கரகரப்பு. இரண்டு கார்கள் என்னைத் தாண்டிப் போயின. அப்போதுதான் உறைத்தது. அவனுடைய கடைசி அரை மணியில் இந்த வளைவில் எஞ்சின் திணறிக்கொண்டே வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறான் என்று நினைத்தேன். பாவி, இரண்டிலிருந்து நேரே நாலுக்குத் தாவியிருக்கிறான். வண்டி என் கையில் நின்றுபோகட்டும் என்று காத்திருந்திருக்கிறான்.

நானும் தாவினேன். ஒன்றரை மணி நேரம் ஓட்டி, அதற்குமேல் ஒருவரையும் முந்த விடாமல் கொண்டுவந்து சேர்த்தேன்.

"கியரை ஒடச்சிட்டியா? நான் நல்லாத்தானே குடுத்தேன்?" என்றான் கௌசிக், மஹாதேவன் காதில் விழும்படி.

நான் மஹாதேவனிடம் திரும்பினேன். "சார், இவன் அரை மணி நேரம் மூணாவது கியர் இல்லாமத்தான் ஓட்டினான். எங்கிட்ட மறைச்சிட்டான். அந்த வளைவுல நின்னவங்களைக் கேளுங்க."

கௌசிக் தலையைக் குனிந்துகொண்டான்.

"அரை மணியா? நான் பாத்துட்டே இருந்தேனே, எனக்கே தெரியலையே!" என்று வியந்தார் மஹாதேவன். "சொல்லாம விட்டது தப்புதான்ப்பா." அவ்வளவுதான் கண்டிப்பு. அவன் தோளில் கை போட்டு, மெட்ராஸுக்கு எப்போது வர முடியும் என்று கேட்டபடியே நடந்தார்.

நானும் அப்படித்தானே ஓட்டினேன்? அதை அவர் கேட்கவே இல்லை. அவனை மெட்ராஸுக்கு அனுப்பி வைத்தது என் வாய்தான்.