ஆர்டிஸின் துக்க விருந்தில் பன்றிக்கறி இல்லை

தேவாலயத்து அடித்தளச் சமையலறையிலிருந்து, பெரிய பன்றித்தொடை ஒன்றைக் குழந்தையைப் போல் இரண்டு கையிலும் ஏந்தியபடி பின்வாசலுக்கு நடந்தார் வெர்லின். மேலே அவர் மனைவி ஆர்டிஸ் சவப்பெட்டியில் படுத்திருந்தாள். ஆர்டிஸின் அக்கா லவோன் கரண்டியோடு வந்து வழியை மறித்தாள்.

“அதை எங்க தூக்கிட்டுப் போற?”

“காருக்கு. ஆர்டிஸ் வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கா.”

“மினசோட்டாவுல பன்னிக்கறி ரொட்டி போடாம எந்த லூத்தரன் சபைக்காரனைப் பொதைச்சிருக்காங்க? ஊர் என்ன பேசும்?”

“ஹோதான் வரா. எந்தத் தட்டுல கை வெச்சாலும் அவ சாப்பிடற மாதிரி இருக்கணும்னு சொன்னா. கடைசியா என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான், லவோன்.”

ஹோதான் பக்கத்து வீட்டு சோமாலியப் பெண். முஸ்லிம் நாடுகள் சிலவற்றின் ஆட்களை உள்ளே விடக்கூடாதென்று வாஷிங்டன் உத்தரவு போட்டதும், விசாவுக்குக் காத்திருந்த அவள் கணவன் நைரோபியிலேயே மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் ஆர்டிஸும் சபைப் பெண்கள் சிலரும் குடியேற்ற அலுவலக வாசலில், மூக்கு உறையும் குளிரில், ஞானப்பாட்டு பாடி நின்றார்கள். “அந்நியனைச் சேத்துக்கோன்னுதான் வேதத்துல இருக்கு. வெயில் அடிச்சா மட்டும்னு இல்ல” என்பாள் ஆர்டிஸ். அவளுக்குச் சுருதி சுட்டுப்போட்டாலும் வராது. வாசல் காவலாளி காதில் பஞ்சு வைத்துக்கொண்டதாகக் கேள்வி. லவோன் மட்டும் ஒருநாளும் போகவில்லை. கோயிலில் அரசியல் எதற்கு என்பது அவள் கட்சி. அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பனி பெய்வதைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்கள்.

லவோன் கறியைப் பார்த்தாள், வெர்லினின் முகத்தைப் பார்த்தாள். “முட்டை வேக வெக்கறேன், போ” என்று நகர்ந்தாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிட வந்தார்கள். முட்டை ரொட்டி, மீன் ரொட்டி, லவோன் முட்டைகோஸ் துருவிப் போட்டுக் கைப்படச் செய்த பச்சை ஜெல்லி சாலட் மூன்று கிண்ணம். ஹோதான் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஜெல்லியை மட்டும் சுற்றிப் போனாள்.

“ஏம்மா, பிடிக்கலையா?” என்றாள் லவோன்.

ஹோதான் நெளிந்தாள். “இல்ல பெரியம்மா… இதைப் பன்னித் தோலைக் காய்ச்சித்தான் செய்யறாங்க.”

கூடம் முழுக்கத் திரும்பி ஜெல்லியைப் பார்த்தது. வெர்லின் கிண்ணங்களை எண்ணினார். ஒரு தொடையைக் கடத்திக்கொண்டு போய்க் காரில் பூட்டியும், மூன்று கிண்ணத்தில் பன்றி வந்து உட்கார்ந்துவிட்டதே!

“அடக் கடவுளே, இவ்வளவு காலமா இதைக் காய்கறிக் கணக்குலல்ல தின்னுட்டிருக்கேன்!” என்றாள் லவோன்.

முதலில் சிரித்தது ஹோதான்தான். பிறகு கூடமே சிரித்தது. வெர்லின் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இதைப் பார்க்க ஆர்டிஸ் இல்லையே என்பது அவருக்குத் தாங்கவில்லை.

அப்போது ஹோதானின் கைபேசி ஒலித்தது. நைரோபியிலிருந்து அவள் கணவன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் திரைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“ஆர்டிஸ் அம்மாவை நல்லபடியா அனுப்பிட்டீங்களா, ஐயா? கொஞ்ச நேரம் நானும் உங்களோட உக்காந்துக்கட்டுமா?”

வெர்லின் தலையை ஆட்டினார். ஹோதான் கைபேசியை மேசைமேல் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தாள்.

லவோன் எழுந்து போனாள். தட்டோடு திரும்பி வந்து, “கொஞ்சம் நகரு” என்று வெர்லினைத் தள்ளி உட்காரச் சொன்னாள். இரண்டு முட்டை ரொட்டியைக் கைபேசிக்கு முன்னால் வைத்தாள். முள்கரண்டி வைத்தாள். காப்பி ஊற்றினாள்.

“சர்க்கரை எத்தனை, தம்பி?”

“ரெண்டு, பெரியம்மா.”

இரண்டு கரண்டி போட்டு, கரையும் வரை கலக்கினாள்.