பந்தல் நின்ற பக்கம்

ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஊரையே படுத்தி எடுப்பது எப்படி என்று தயாளனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்க்கும் வேலை. அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்தே ஓய்வு பெற்ற மனிதர். ஓய்வுக்குப் பிறகு பொருள் இல்லை, மனிதர்கள்தான் இருந்தார்கள். விடுவாரா?

படம் 1962 தைப்பூசத்தில் எடுத்தது. டத்தோ கிராமாட் சாலை முச்சந்தி என்று பின்னால் அம்மாவின் கையெழுத்து. நடுவில் வெள்ளித் தேர், மாடுகள் காமிராவைப் பார்த்து வருகின்றன. இடது ஓரத்தில் தண்ணீர்ப் பந்தல், அதன் முன்னால் அண்டாவும் அகப்பையுமாக அப்பா. தயாளனுக்கு மூன்று வயதிலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பந்தலும் அவரோடு போயிற்று. அப்பாவின் முகம் என்று மகனுக்கு இருப்பதெல்லாம் அந்த ஒரு படம்தான். வேலை நிலைத்ததும் அவர் செய்த முதல் காரியம், அப்பா நின்ற இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே மறுபடி பந்தல் போட்டது.

படத்தில் கடை எதுவும் தெரியவில்லை. கூட்டமும் தோரணமும் மறைத்துவிட்டன. அந்தக் காலத்துக் கட்டடங்களும் இப்போது கிடையாது. அதனாலென்ன? தேர் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறது. எதிரே நின்று எடுத்த படம். ஆக, இடது ஓரம் என்றால் சாலையில் இப்போது காப்பிக்கடை இருக்கிற பக்கம். அவ்வளவுதான் விஷயம். முப்பத்தோரு வருஷமாகக் காப்பிக்கடைப் பக்கம் தயாளன் பந்தல் நிற்கிறது.

எதிர்ப்பக்கம், பேங்க் வாசலில், ஏழு வருஷமாகப் பிரமிளாவின் பந்தல். டியூஷன் சென்டர் நடத்துகிறவள். அவள் பந்தலில் ரோஸ் சிரப், ஐஸ், பெரிய ஸ்பீக்கர். தயாளன் பந்தலில் நீர்மோர், சுக்குத் தண்ணீர், முறைப்பு. "நேத்து முளைச்சதுங்க" என்பார், அவள் காதில் விழும்படி.

இந்த வருஷம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் முச்சந்தியில் ஒரு பந்தலுக்குத்தான் இடம் என்றது மாநகர் மன்றம். தயாளன் விடுவாரா? உட்கார்ந்து கடிதம் எழுதினார்: ஆதியில் பந்தல் எந்தப் பக்கம் நின்றதோ, அந்தப் பக்கத்துக்கே அனுமதி தர வேண்டும், படம் சாட்சி. பிரமிளாவும் மறுபேச்சில்லாமல் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். சண்டைக்கு மனசைத் தயார் செய்து வைத்திருந்தவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

விசாரிக்க வந்தவர் அனுமதிப் பிரிவு அதிகாரி ரொஸ்னா. தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. காலை பத்து மணிக்கு மூன்று பேரும் முச்சந்தியில் நின்றார்கள். தயாளன் படத்தைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"பாருங்க மேடம். தேரு நம்மளப் பாத்து வருது. மலைக்குப் போவுது. பந்தல் இடது பக்கம். அந்தா, காப்பிக்கடை. முடிஞ்சுதுலா!"

"சரி அங்கிள். இது உங்கப்பாதான்னு எப்படிச் சொல்றீங்க? வேற யாராச்சும் இருக்கலாமே. ஃபைல்ல எழுதணும்."

வேறு யாராச்சுமா! தயாளனுக்குச் சுருக்கென்றது.

"நல்லா கேட்டீங்க மேடம்! இந்தக் காதைப் பாருங்க, என் காதைப் பாருங்க. தலையப் பாருங்க, மொட்டை. மேல சந்தனம். எங்கப்பா வருஷம் தவறாம தைப்பூசத்தன்னிக்கு மலையில முடி எறக்குவாரு. அதுக்கு முன்னாடி ஆறு மாசம் கத்திரி படாது, காடு மாதிரி வளந்து கெடக்கும். அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்."

ரொஸ்னா எழுதிக்கொண்டார். பிரமிளா மட்டும் படத்துக்குக் கிட்டே போனாள்.

"அண்ணே, தேரு மலைக்குப் போறது பூசத்துக்கு மொத நாளு. மொட்டை பூசத்தன்னிக்கு. அப்படின்னா இந்தப் படத்துல..."

"இந்தப் படத்துல என்ன?" என்று சீறியவருக்கு அந்த வேகத்திலேயே புரிந்துவிட்டது.

தேர் போகவில்லை. பூசம் முடிந்து திரும்பி வருகிறது. ஊரே தேர் புறப்படுவதைத்தான் படம் எடுக்கும். திரும்புவதை எடுத்த புண்ணியவான் யாரோ! தேர் திரும்பினால் பக்கமும் மாறிவிடும். அப்பா நின்றது பேங்க் வாசலில். முப்பது வருஷம் போல்ட்டிலும் நட்டிலும் பிசகு தேடிய கண், அப்பாவின் தலையில் முடி இல்லாததற்கு அர்த்தம் பார்க்கவில்லை.

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து ரொஸ்னாவுக்கே பாவமாகிவிட்டது.

"அங்கிள், வேற யாரோ வழுக்கத் தலைக்காரரா கூட இருக்கலாம்லா. உங்கப்பா இல்லன்னு நீங்க சொல்லிட்டா இந்தப் படத்த விட்டுட்டு ரெண்டு பேருக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்."

இல்லை என்று ஒரு வார்த்தை. சொன்னால் காப்பிக்கடைப் பக்கம் மிஞ்சலாம். தயாளன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இருக்கிற ஒரே அப்பாவை எப்படி இல்லை என்பது?

"எங்கப்பாதான் மேடம். எழுதிக்குங்க."

அனுமதி பேங்க் பக்கத்துக்குப் போயிற்று. பிறகு பிரமிளா தன் பந்தலுக்கே வரச்சொல்லி நாலு தடவை வந்து கூப்பிட்டாள். நாலு தடவையும் முடியாது என்றார். ஐந்தாவது தடவை அவள் கூப்பிடவில்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு தானே போய்விட்டார்.

தேர் வந்த அன்று பேங்க் பக்கம் ஒரே பந்தல். முகப்பில் அந்தப் படம். அதற்கு நேர் கீழே நின்று தயாளன் மோர் ஊற்றினார். அப்பா நின்ற இடத்தில் முதல் தடவையாக நிற்கிறோம் என்று நினைத்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் எதிரே நின்று முறைத்தது இந்த இடத்தைத்தான்.

வருஷா வருஷம் அவரிடம் மோர் வாங்கிக் குடிக்கும் நல்லம்மாள் தேடிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தாள்.

"என்ன தயாளா, கட்சி மாறிட்டியா?"

"மாறுறதாவது! நாங்க ஆரம்பத்துலேர்ந்து இந்தப் பக்கந்தான் அக்கா. படம் இருக்கு, பாருங்க."

"அப்போ முப்பத்தோரு வருஷமா அங்க நின்னது யாரு?"

தயாளன் காப்பிக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் பிரமிளா ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அவனா? நேத்து முளைச்சவன் அக்கா," என்று சொல்லி மோரை நீட்டினார்.