மர்சேயில் இறங்கியவன்

ஊறுகாய் பாட்டிலைப் பற்றி தேவதாஸ் சொல்லாமல் இருந்திருந்தால் அமுதவல்லிக்கு ஒன்றும் தோன்றியிருக்காது.

தேவதாஸ் காரைக்கால்காரன். கப்பலில் அவள் கணவன் வெற்றிவேலோடு ஒரே அறையில் படுக்கிறவன். இரண்டு பேருக்கும் சலவைப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் அனுப்பிய குரல் செய்தியில், பேச்சுக்குப் பின்னால் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"அண்ணி, பயப்படாதீங்க, சும்மாதான் கேக்கறேன். அண்ணன் இன்னைக்கு ஷிப்டை என் தலையில கட்டிட்டு மர்சேய்ல எறங்கிட்டாரு. வெள்ளைச் சட்டை, ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு மாப்பிள்ள கணக்கா. போறப்ப மாவடு பாட்டிலை எடுத்து நீயே வச்சிக்கடான்னு குடுத்துட்டாரு. உங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

அவள் அதை மறுபடியும் ஒருமுறை கேட்டாள். ஒரு வடுவை இரண்டு வேளைக்கு வைத்துக் கடிக்கிற மனிதன். அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்வரை அந்த பாட்டில் வரவேண்டும் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான். கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் செய்வதுபோல, போனில் பிரான்ஸின் மர்சேய் துறைமுகக் காமிராவைத் திறந்தாள். எப்படித் திறப்பதென்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். அந்த ஊரில் எங்கோ உயரத்தில் வைத்திருக்கிற காமிரா. சாம்பல் நிறத் தரை, நீலத் தண்ணீர், நடுவில் பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்று படுத்துக் கிடப்பதுபோல வெள்ளைக் கப்பல். வயிற்றிலிருந்து எறும்புச் சாரையாக ஆட்கள் இறங்கிப் பேருந்துகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மலைமேல் ஒரு கோயில் இருக்கிறதாம், அதைப் பார்க்கப் போவார்கள், சோப்பு வாங்குவார்கள், மீன் சூப் குடிப்பார்கள். வெற்றிவேலுக்கு மர்சேய் என்றால் படுக்கை விரிப்புகள்தான். பழைய பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறுகிற ஊர் அது. ஞாயிறன்று விரிப்புகள் மலைமலையாக வந்து விழும். அந்த நாளில் யாரும் வேலையை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கே கப்பல் கிளம்பும். அவளுக்கு அது தெரியும்.

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் கொளஞ்சி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷன் எப்போதோ ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலை விட்டு ஓடினவன். முதலில் தினமும் போன் வந்தது. அப்புறம் ஞாயிறுதோறும், அப்புறம் பொங்கலுக்கு. கொளஞ்சி இன்றும் நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறாள். சாப்பாட்டு வேளையில் யாராவது கப்பல் என்ற வார்த்தையை எடுத்தால் டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிடுவாள்.

அமுதவல்லி முன்பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவர்கள் குடியிருப்பது ஒரு சொல்தா வீட்டின் பின்கட்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டுக்காரர் கிளோத், பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை பதினாலு விழா முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கடற்கரையில் கொடியேற்றி, அணிவகுத்து, பாட்டுப் பாடிவிட்டு வந்த களைப்பு. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நெஞ்சில் மெடல்கள் வரிசையாகத் தொங்கின.

"காலையிலேர்ந்து பிரான்ஸையே நெஞ்சுல தூக்கிக்கிட்டு ஒக்காந்திருக்காரு பாரு" என்றாள் அவர் மனைவி ஆன்-மரி. "கழட்டுங்கன்னா கேக்கறாரா? சோறு அதுவா கோட்டுக்குள்ள எறங்கும்னு பாத்துக்கிட்டிருக்காரு."

"வருஷத்துல ரெண்டு நாள்தான் போடறேன். அதுக்கும் கண்ணு."

"முசியே, எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு போன் பண்ணாரா?" என்று அமுதவல்லி கேட்டாள்.

கிளோத் நிமிர்ந்தார். "வியாழக்கிழமை பண்ணானே. ஜூலை பதினாலு, கத்தோர்ஸ் ஜூயே அன்னைக்கு மர்சேய்ல சொல்தாங்க எங்க நிப்பாங்கன்னு கேட்டான். பழைய துறைமுகத்துப் பக்கம் போய்ப் பாருடா, பேண்டு, குதிரை எல்லாம் வரும்னேன். பெரிய ஆபிசருங்க வருவாங்களான்னான். வராம இருப்பாங்களான்னேன். விழா பாக்கணும்னு ஆசைப்படறான்னு நெனச்சேன்." தன் நெஞ்சு மெடலைத் தொட்டுப் பார்த்தார். "அவன் தாத்தாவோட மெடல் எங்க இருக்கு?"

"நான்தான் அனுப்பினேன். தேவதாஸ் சித்திரையில கப்பலுக்குப் போறப்ப பொடி டப்பாவுல வச்சிக் குடுத்தேன். கூட இருந்தா தெகிரியமா இருக்கும்னாரு."

ஆன்-மரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். தெருவில் ஒரு பைக் போய், சத்தம் தேய்ந்து, மறுபடி கூடம் அடங்கியது. அந்த அமைதியில்தான் அமுதவல்லிக்கு முழுதும் விளங்கியது.

வெற்றிவேலின் தாத்தா பாகூர்க்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் சண்டைக்குப் போய் மெடலோடு திரும்பியவர். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியாக இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் வந்து எழுதிக்கொடுங்கள் என்றார்கள். நடவு நேரம். நடவை விட்டுவிட்டு எவன் போவான் என்று அவர் போகவில்லை. கூடப் போரிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பாரிஸில் கார் ஓட்டுகிறார்கள். அவருடைய பேரன் விரிப்பு துவைக்கிறான். ஒருநாள் அந்த மெடலோடு சரியான ஆபிசர் முன்னால் போய் நின்றால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று வெற்றிவேல் கல்யாணமான புதிதில் சொல்வான். அவள் சிரிப்பாள். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் அப்படிச் சொல்வதுண்டு.

"அப்படிக் கெடைக்குமா முசியே?"

"ஆறு மாசம்னா ஆறு மாசம்தாம்மா. அந்தக் கதவை மூடி அறுபது வருஷமாச்சி."

அவர் தன் அக்காள் மகன் வின்சானைக் கூப்பிட்டார். மர்சேயிலேயே பிறந்து வளர்ந்தவன். பிரெஞ்சில் நெடுநேரம் பேச்சு நடந்தது. அவன் தேடிப் போவதாகச் சொன்னான். அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. ஆன்-மரி தட்டில் சோறு போட்டு வைத்தாள். யாரும் தொடவில்லை. அமுதவல்லியின் கையில் காமிரா திறந்தே இருந்தது. போன பேருந்துகள் நிரம்பித் திரும்பத் தொடங்கின. கப்பல் அவர்களை ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. முதலில் வின்சான், மாமாவைப் பிரெஞ்சில் கூப்பிட்டபடி. "தொந்தோன், ஆளைக் கண்டுபிடிச்சேன். பழைய துறைமுகத்துல, கையில மெடலோட பெஞ்சுல ஒக்காந்திருக்கார். கார்ல வாங்க, கப்பல்கிட்ட விடறேன்னு சொன்னேன். வரல. நீங்க சொல்லுங்க."

"என்கிட்ட வேணாம்" என்று கிளோத் போனை அவளிடம் நீட்டினார்.

"அமுதா!" வெற்றிவேலின் குரலில் அவள் எதிர்பார்த்த பயம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "ஒரு பெரிய ஆபிசரு, அமுதா. தொப்பியெல்லாம் வச்சிக்கிட்டு. மெடலை எடுத்து நீட்டினேன். தாத்தான்னேன், பொந்திஷேரின்னேன். வாங்கித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் நேரா நின்னு சல்யூட் அடிச்சாரு. எனக்கு! நம்ம வம்சத்துக்கே!"

"சரிங்க. அடிச்சிட்டாரு இல்ல? கப்பலுக்குப் போங்க."

"இன்னைக்கு ஆபிசெல்லாம் லீவு. எனக்குத் தோணாமப் போச்சி. விழான்னா எல்லாரும் இருப்பாங்கன்னு நெனச்சேன். நாளைக்குத் தொறந்துடுவாங்க. ஒரு நாள்தான்."

"கப்பல் நிக்காதுங்க."

"கப்பலு என்னா கப்பலு. வாரத்துக்கு ஒண்ணு வருது."

"முசியே சொல்றாரு, அந்தக் கதவை எப்பவோ மூடிட்டாங்களாம். இப்ப போய்க் கேட்டா ஒண்ணும் கெடைக்காதாம். வந்துடுங்க."

"கெடைச்சவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான்.

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. கிளோத் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போன் பக்கம் குனிந்து, "டேய், அந்த சல்யூட் மெடலுக்குடா. நாய் கழுத்துல தொங்கினாலும் அடிப்பான்" என்றார். ஆன்-மரி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கத்தில் பேச்சு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவன் பேசாமல் இருப்பதைக் கேட்பது, பக்கத்து அறையில் கேட்பதைவிடக் கனமாக இருந்தது.

"வச்சிடறேன்" என்றான் வெற்றிவேல்.

அவள் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவன் எடுக்கமாட்டான் என்பதைவிட, எடுத்தால் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. காமிராவையே பார்த்தாள். கடைசிப் பேருந்து வந்து திரும்பிப் போனது. ஏணிப் பாலத்தருகே நின்ற இரண்டு பேர் இங்குமங்கும் நடந்தார்கள். வின்சானின் கார் என்ன நிறம் என்று கேட்காமல் போனோமே என்று நினைத்தாள். எந்தக் காரும் வரவில்லை. பாலத்தை உள்ளே இழுத்தார்கள். கயிறுகளைத் தண்ணீரில் விட்டார்கள். கப்பலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோடுபோலத் தண்ணீர் தெரிந்தது. கோடு வாய்க்காலாகி, வாய்க்கால் கடலாயிற்று. அவ்வளவு பெரியது போன பிறகு அந்த இடம் பல் பிடுங்கின ஈறுபோல இருந்தது.

தேவதாஸ் எழுத்தில் அனுப்பியிருந்தான்: 'அண்ணி, பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாங்க.'

கிளோத் தொண்டையைச் செருமினார். "இன்னும் ஒரு வழி இருக்கு. இப்பவே துறைமுகத்துல கப்பல் ஏஜெண்டுகிட்ட போய், வழி தவறிட்டேன், கப்பல் விட்டுட்டேன்னு சொன்னான்னா அடுத்த ஊருக்கு அனுப்பி ஏத்திவிடுவாங்க. இன்னைக்குப் போனா கப்பலைத் தவறவிட்டவன். நாளைக்குப் போனா ஓடிப்போனவன். அவ்ளோதான் வித்தியாசம். சொல்லு."

வின்சானின் எண்ணுக்குப் போட்டாள். போன் இன்னும் வெற்றிவேல் கையில்தான் இருந்தது, உடனே எடுத்தான். கிளோத் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். குரல் நடுங்காமல், ஒரு குழந்தைக்கு வழி சொல்வதுபோல, இரண்டு தடவை சொன்னாள். வின்சானே காரில் கொண்டுபோய் விடுவான் என்றாள். வேலை போனாலும் பரவாயில்லை, ஆள் வந்து சேர்ந்தால் போதும் என்றாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "சரி" என்றான்.

அந்தச் சரி அவளுக்குத் தெரியும். சண்டை வேண்டாம் என்று நினைக்கும்போது சொல்கிற சரி. அப்பாவோடு பேசு என்றால், நிலத்தை விற்காதே என்றால், கப்பல் வேலை வேண்டாம் என்றால், அவன் ஒவ்வொரு முறையும் இதே மாதிரிதான் தலையாட்டினான்.

"போறீங்க இல்ல? இப்பவே?"

"சரின்னு சொல்றேனே."

கடற்கரைப் பக்கமிருந்து வாணவெடிகள் கிளம்பின. முதல் வெடிக்கே கூடத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. அந்தச் சத்தம் போன் வழியாக அவனுக்கும் போயிருக்க வேண்டும்.

"அங்க வெடிக்கிறாங்களா?"

"ஆமாங்க."

"இங்க இருட்டினப்புறம்தானாம். வின்சான் சொன்னாரு, தண்ணிமேல விடுவாங்களாம், ஊரே வந்து நிக்குமாம்" என்றான். குரலில் திருவிழாவுக்குப் போகிறவனின் சந்தோஷம் இருந்தது. "பாத்துட்டு உனக்கு வீடியோ அனுப்பறேன்."

ஆன்-மரி எழுந்து போய், தெருப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.