இறங்கத் தெரியாத கால்கள்

1961 மார்ச் ஐந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நானுஓயாவிலிருந்து கொட்டகலைக்கு ஓடினேன். இருபது மைல் இருக்கும், பெரும்பாலும் இறக்கம். ஐந்தாவதாக வந்தேன். ஏப்ரல் ஒன்பதாம் திகதி கந்தப்பளையிலிருந்து நானுஓயாவுக்கு இன்னொரு ஓட்டம் இருந்தது. அதில் முதல் மூன்று இடங்களுக்குள் வருகிறவர்களைத்தான் கொழும்பில் நடக்கும் பெரிய ஓட்டத்துக்கு அனுப்புவார்கள். நான் போயே தீருவது என்று முடிவு செய்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த மூன்று படிகளை இறங்க முடியவில்லை. ஏறுவதில் கஷ்டமில்லை. இறங்குவதற்கு முழங்காலை மடக்கினால் தொடை கைவிட்டுவிடும். கடைசியில் சுவரைப் பிடித்துத் திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கினேன். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வேலாயி பார்த்துவிட்டாள்.

"அழகுமுத்து அண்ணே, ரேசுல பின்னாலயே ஓடி அப்புடியே பழகிருச்சா?"

குடம் வைத்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி பூரணியும்தான்.

அன்று மாலை நல்லெண்ணெய் காய்ச்சித் தொடைகளை அரைமணி நேரம் அழுத்தித் தேய்த்தேன். அது தவறு. மறுநாள் வீக்கம் கூடியது; சிறுநீர் பால் விடாத சாயத் தேத்தண்ணீர் நிறத்தில் போனது. பயந்துபோய் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஆண்டியப்பனிடம் போனேன். அவர் ஒரு விரலால் தொடையை அழுத்தினார். நான் கத்திவிட்டேன்.

"உள்ளுக்குள்ள சதை கிழிஞ்சிருக்குப்பா. அதப் போட்டுப் பெசைஞ்சும் வச்சிருக்க. இனிமே எண்ணெயத் தொடாத. தண்ணிய நல்லாக் குடி. ஒண்ணுக்கு நாளைக்கும் வெளுக்கலேன்னா ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

"ஏப்ரல் ஒம்பதுக்கு ஓடலாமுங்களா ஐயா?"

"மொதல்ல வீட்டுக்கு நடந்து போ."

மறுநாள் சிறுநீர் தெளிந்தது. வீக்கம் வடிய எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் எனக்கு ஒரே கேள்விதான். ஒரு நாள் பூரணியிடமே கேட்டேன்.

"ஆறு மாசம் தெனம் உச்சி றோட்டு வரைக்கும் ஏறி ஓடுனேன். அப்பறம் ஏன் இப்புடி?"

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "ஏறுனீங்க சரி. எறங்குனது யாரு? கொழுந்து லொறியில குந்திக்கிட்டுத்தான வந்தீங்க?"

உண்மைதான். மலையில் ஏறுவதுதான் பலம், இறங்குவதற்கு என்ன பழக்கம் வேண்டும் என்று நாங்கள் ஆண்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். லொறிக்காரரும் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார்.

"நாங்க கொழுந்து பறிக்கிற மலைக்கு லொறி றோட்டு கெடையாது. முப்பது றாத்தல் கொழுந்தத் தூக்கிக்கிட்டு நாங்க தெனம் எறங்குறோம். எங்க தொடையெல்லாம் கிழியுதா?"

வீக்கம் வடிந்த மறுநாளே தொடங்கினேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் என் வேலை முடிந்ததும் பூரணி கொழுந்து பறிக்கும் மலைக்கு ஏறினேன். முதல் நாள் வெறுங்கையோடு நூறு அடி மட்டும் இறங்கினேன். இரண்டு நாள் வலித்தது. பொறுத்திருந்து மறுபடி இறங்கினேன். ஒரு நாள்தான் வலித்தது. அதற்குப் பிறகு, கீழே கொழுந்து நிறுக்கும் கொட்டகையான நிறுவை மடுவம் வரைக்கும் இறங்கினேன். மூன்றாவது வாரம் பூரணியின் கூடையைக் கொழுந்தோடு வாங்கி, கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டேன். ஆண்பிள்ளை கூடை சுமந்து நிறுவைக்கு வருவதை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை.

வீரய்யா கங்காணி தராசை விட்டுவிட்டுக் கேட்டார். "என்னடா, சேலையும் கட்டிவிடச் சொல்லவா?"

"சொல்லுங்க கங்காணி. ஏப்ரல் ஒம்பது வரைக்கும் கட்டிக்கிறேன்."

ஓட்டத்தன்று நுவரெலியா டவுனைத் தாண்டும்போதும் நான் ஐந்தாவதுதான். இறக்கம் தொடங்கியதும் காலை எட்டிப் போடாமல், சின்ன அடியாக, முழங்காலை இளக்கி ஓடினேன். பெண்கள் சுமையோடு அப்படித்தான் இறங்குவார்கள். ஒருவனைத் தாண்டினேன். கடைசித் திருப்பத்துக்கு முன்னால் சின்னராசா தெரிந்தான். கொட்டகலையில் மூன்றாவதாக வந்தவன். அவன் கால் தார் றோட்டில் சட்சட்டென்று அறைந்துகொண்டிருந்தது. என் தொடையும் எரிந்தது, ஆனால் கைவிடவில்லை. அவனைத் தாண்டினேன்.

"போடா போ, கீழ போய் விழுவ!" என்று பின்னாலிருந்து கத்தினான்.

நான் விழவில்லை. ஸ்டேசன் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் பேனாவைத் திறந்தார். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் தரையில் காலை நீட்டிக் கிடந்தார்கள்.

"மூணாவது. கொழும்புக்குப் பேர் எழுதணும். உக்காந்து மூச்சு வாங்கிட்டுச் சொல்லுப்பா."

மேசையைப் பிடிக்காமல் நின்றுகொண்டே பேரைச் சொன்னேன்.