எனிட் அடிக்காமல் விட்ட மணி

மெர்வின் சுட்ட குண்டு இரும்புத் தகட்டில் படவே இல்லை. தகட்டைத் தாங்கி நின்ற மரச்சட்டத்தில் போய்ப் புதைந்தது.

பிளாக் ஹார்ஸ் பப்பின் பின்கூடத்தில் எல்லாரும் அந்தச் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹியர்ஃபோர்டு நகரைச் சுற்றியுள்ள ஆங்கிலக் கிராமங்களில் இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பப்புக்கும் இன்னொரு பப்புக்கும் காற்றுத் துப்பாக்கிப் போட்டி நடக்கும். தூரம் ஒன்றும் பெரிதில்லை. மூன்று கட்டில்களை வரிசையாகப் போட்டால் முடிந்துவிடும். வெள்ளை அடித்த தகட்டின் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. குண்டு அதன் வழியே போனால் பின்னால் இருக்கும் மணி அடிக்கும், முழு மதிப்பெண். ஓட்டையை விட்டு விலக விலக மதிப்பெண் குறையும். தகட்டையே தவறவிட்டவனை அங்கே யாரும் பார்த்ததில்லை. அதுவும் மெர்வின்.

"என்னடா மெர்வின், சட்டத்துல உளு அரிக்குதுன்னு சுட்டியா?" என்றான் அணித்தலைவன் நெவ்.

"உன் மண்டைக்குள்ள இருந்த உளுதான்டா அங்க போய் உக்காந்திருந்துச்சு" என்றான் மெர்வின்.

கூடம் சிரித்தது. மெர்வினின் மனைவி எனிட் மட்டும் சிரிக்கவில்லை. அன்று காலை அவன் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் தேநீரை ஊற்றிவிட்டு, கெட்டிலின் மூக்கு கோணல் என்று திட்டியது அவளுக்கு நினைவு வந்தது. தேநீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

மாட்டுச் சந்தை லாரி ஓட்டுகிறவன் மெர்வின். முதலில் லாரி போயிற்று. பிறகு வீட்டுக் காரின் சாவியும் எனிட்டின் கைப்பைக்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் அம்மாள் படம் போட்டுக் காட்டி விளக்கினாள். பார்வையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருக்கிறது, இரண்டு கண்ணிலும். ஓரங்கள் மிஞ்சும். இந்த வகைக்கு மருந்து இல்லை. திரும்பி வரும்போது காரில் அவன் தன் பாஷையில் அதைச் சொன்னான்.

"எதப் பாக்கணும்னு நெனைக்கிறனோ அது மட்டும் தெரியாது, எனிட். மத்ததெல்லாம் தெரியுது. உன் காது தெரியுது, முடி தெரியுது. மூஞ்சி இருக்கற எடத்துல புகை."

"அப்ப நல்லதுதான். என் மூஞ்சி அப்படியொண்ணும் விசேஷமில்ல."

"அத நான்தான் சொல்லணும்" என்றான் அவன்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவரும் சந்தித்ததே அந்தத் தகட்டின் முன்னால்தான். எதிரணிப் பப்பிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி மெர்வினைத் தோற்கடித்தாள். 'யாருடா இவ' என்று அவன் கேட்டது அவள் காதில் விழுந்தது. அடுத்த வருஷம் கல்யாணம். வீட்டில் ஒரே துப்பாக்கி. அவன் சுட்டு முடித்து அவள் கையில் கொடுப்பான். துப்பாக்கியின் மரக்கட்டை அவன் கன்னச் சூட்டோடு இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான்.

ஆட்டத்திலிருந்து விலகியபோது மெர்வின் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"நான் நிறுத்தினேன்னு நீயும் நிறுத்தின, கொன்னுடுவேன்."

எனிட் நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவனையும் கூட்டிப் போனாள். பப்பை நடத்திய மார்ஜி கணப்படுப்பின் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு நாற்காலி போட்டு, கையில் சைடர் என்னும் ஆப்பிள் மதுக் கோப்பையைப் பிடிக்க வைத்து, "அசையாம உக்காரு கண்ணு, பன்றிக்கறி வச்ச ரொட்டி கொண்டாறேன்" என்பாள். கொஞ்ச நாளில் அவன் ஒரு வித்தை பழகினான். தகட்டில் குண்டு பட்ட சத்தத்தை வைத்தே அது எங்கே பட்டது என்று சொல்லிவிடுவான். தகட்டின் பக்கத்தில் நின்று மதிப்பெண் சொல்கிற ஆள் வாய் திறப்பதற்குள் இங்கிருந்து குரல் வந்துவிடும்.

"கீழ் ஓரம். மூணு."

"மூணு" என்பான் அந்த ஆள்.

"உனக்கெதுக்குடா கண்ணு" என்று நெவ் அவன் முதுகில் தட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள், மெர்வினும் சேர்ந்து.

அந்தப் பருவத்தில் எனிட் என்றுமில்லாதபடி நன்றாகச் சுட்டாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. வீட்டுக் கவலை எல்லாம் துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் விலகி நின்றது. அந்தச் சின்ன கருப்பு ஓட்டையும் அவள் மூச்சும் மட்டும் இருந்தன. ஒரு நாள் அவள் சுட்டதெல்லாம் மணியாக அடித்தது. கூடம் ஆரவாரம் செய்ய, அவள் திரும்பிப் பார்த்தாள். மெர்வின் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கை, நாற்காலியின் பிடியை வெளுக்கும்படி இறுக்கியிருந்தது.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை வந்தாலே வீட்டில் ஏதாவது சண்டை. சூப்பில் உப்பு, காலணி வைத்த இடம், கதவைச் சாத்திய சத்தம். எனிட்டுக்குப் புரியாமல் இல்லை. அடுத்த வாரம் கடைசிக் குண்டை ஓட்டையிலிருந்து நன்றாகத் தள்ளி, தகட்டின் வெளி ஓரத்தில் அடித்தாள். நெவ் தலையில் கை வைத்துக்கொண்டான். மெர்வின் எங்கே பட்டது என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் ஒன்றிரண்டு குண்டுகளை அவள் அப்படி வீணாக்கினாள். அணி இரண்டு ஆட்டங்களில் தோற்றது. சண்டை மட்டும் குறையவில்லை.

ஏப்ரலில் வெளியூர்ப் பப்பில் ஆட்டம் இருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று மெர்வின் வீட்டிலேயே தங்கிவிட்டான். எனிட் நெவ்விடம் ஒரு துப்பாக்கி இரவல் வாங்கிச் சுட்டாள். வீட்டுத் துப்பாக்கியின் விசை இறுகியிருந்ததால் அதை எண்ணெய் போடப் பிரித்து வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது வெளிச்சம் இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை. பக்கத்து வீட்டு விதவை திருமதி பெவன் வாசலில் நின்றிருந்தாள். நெற்றியில் அழுத்திப் பிடித்த துண்டில் இரத்தம்.

"ஒண்ணுமில்ல, கண்ணாடிச் சில்லு. பாத்திரம் கழுவிட்டிருந்தேன், ஜன்னல் வெடிச்சுது" என்றாள் அவள். "நான் செத்திருந்தா என் பூனைக்கு யாரு சோறு போடுவா, நீயே சொல்லு."

மெர்வின் தோட்டத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி புல்லில் கிடந்தது. விரல்களால் தடவித் தடவியே பிரித்த பாகங்களைப் பொருத்தியிருக்கிறான். தோட்டக் கோடியில் அவர்கள் பழகுவதற்குத் தொங்கவிட்டிருந்த தகட்டை நோக்கிச் சுட்டிருக்கிறான்.

"ஓரக்கண்ணால பாத்தா தகடு தெரிஞ்சுது. நெஜமாவே தெரிஞ்சுது" என்றான்.

எனிட் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பெருக்கினாள், காயத்துக்குக் கட்டுப் போட்டாள், ஜன்னலுக்கு அட்டை ஒட்டினாள். கிளம்பும்போது திருமதி பெவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போலீஸுக்கெல்லாம் போமாட்டேன். ஆனா அந்தச் சனியன் உங்க வீட்டுல இருக்கக் கூடாது, எனிட்."

விஷயம் நெவ்வுக்கு மறுநாளே எட்டியது. அவன் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு சமையலறையில் நின்றான். "துப்பாக்கிய மார்ஜிகிட்ட விட்டுடலாம். அலமாரியில பூட்டி வெப்பா. எனிட் அங்க வந்து எடுத்துச் சுடட்டும். அவ்வளவுதானே?" என்றான். சுலபமான வழிதான். எனிட் யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அவன் போனதும் மெர்வின் கேட்டான்: "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நீ சொல்லு."

அவன் வெகுநேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மணி அடிக்கும்போது எனக்கு அந்த ஓட்டை தெரியும், எனிட். பளிச்சுனு தெரியும். உடனே போயிடும். நீ தவறவிட்டா சந்தோஷமா இருக்கும். ஆமா, சந்தோஷம்தான். முப்பது வருஷம் உன்கூட வாழ்ந்துட்டு, நீ தோக்கணும்னு உக்காந்திருக்கேன். அந்த நாற்காலியில எப்படிப்பட்ட மிருகம் உக்காந்திருக்குன்னு அவங்க யாருக்கும் தெரியாது."

எனிட் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

"அப்புறம் நீ வேணும்னே விட ஆரம்பிச்ச."

அவள் நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உன் குண்டு தப்பினாலும் ஓட்டைக்கு ஒட்டித்தான் தப்பும். வெளி ஓரத்துல ஒரு நாளும் அடிச்சதில்ல நீ. அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து வெளிய ஓடணும்போல இருந்துச்சு. மணி அடிச்சதவிட அதுதான் வலிச்சுது. பிச்சை போட்ட மாதிரி."

"எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல, மெர்வின்."

"எனக்கும்தான் தெரியல."

நிறுத்தினால் அந்தப் பாரமும் அவன் தலையில் ஏறும். தொடர்ந்தால் ஒவ்வொரு மணியும் அவனைக் குத்தும். அவன் வராமல் அவள் மட்டும் போனால் அவன் இந்த இருட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கேட்காத மணிகளை எண்ணிக்கொண்டிருப்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர். எனிட் அந்த வாரம் முழுக்க அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். துணி உலர்த்தும்போது, கடையில் வரிசையில் நிற்கும்போது, அவன் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கும்போது.

பருவத்தின் கடைசி ஆட்டம் பிளாக் ஹார்ஸில்தான். மெர்வின் தானே கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். "ஒழுங்கா சுடு. இன்னைக்கு ஏமாத்தினா அங்கயே எழுந்து சொல்லிடுவேன்" என்றான்.

அவள் ஒழுங்காகச் சுட்டாள். மணி அடித்தது. இரண்டாவதும் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது மணிக்குப் பின்னால் நாற்காலி தரையில் உராய்கிற சத்தமும், "மெதுவா கண்ணு, படி இருக்கு" என்ற மார்ஜியின் குரலும் கேட்டன. கதவு திறந்து மூடியது. குளிர்காற்று அவள் பிடரியில் பட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மீதியையும் சுட்டு முடித்தாள், அத்தனையும் மணி. நெவ் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். கீழே இறக்கியதும் அவள் துப்பாக்கியை அவன் கையில் கொடுத்தாள்.

"அணிக்கு வச்சுக்கோ. யாராவது புதுசா வருவாங்க. நான் வரமாட்டேன், நெவ்."

"அலமாரியில வைக்கலாம்னு சொன்னேனே..."

"எங்க வச்சாலும் அவனுக்குக் கேக்கும்."

வெளியே மெர்வின் காரில் உட்கார்ந்திருந்தான். முகம் ஈரமாக இருந்தது. அதை அவன் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஜெயித்தோமா என்று கேட்டான். ஜெயித்தோம் என்றாள். துப்பாக்கி எங்கே என்று கேட்டான். சொன்னாள். நன்றி என்றோ, ஏன் என்றோ அவன் சொல்லவில்லை. அதற்கு அவள் காத்திருக்கவும் இல்லை.

சண்டை நின்றது. இருவரும் ஒருவரோடொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். எனிட்டுக்கு அது சண்டையைவிடக் கனமாக இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் ரேடியோவைப் போட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுவாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பார்வையில்லாதவர்கள் நகரத்து மண்டபத்தில் கூடிக் காற்றுத் துப்பாக்கி சுடுகிறார்களாம். காதில் ஒரு கருவி மாட்டுவார்கள். குறி நடுவை நெருங்க நெருங்க அதன் ஒலி உயரும். மெர்வின் எரிந்து விழுந்தான். "காதால சுடறதா? அடுத்து மூக்கால லாரி ஓட்டச் சொல்லுவாங்க." எனிட் விடவில்லை. ஒரு முறை போய்ப் பார், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று காரில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டாள்.

அழைத்துவரப் போனபோது அவன் படியில் நின்று ஒரு குருட்டுக் கிழவனோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள்.

"எனிட், இவன் பேரு கிளாட்வின். என்னைத் தோக்கடிச்சுட்டானாம், பீத்திக்கறான். அடுத்த வாரம் பாரு, இவன அழ வைக்கறேன்."

வீடு வரும்வரை அவன் வாய் மூடவில்லை. ஒலி எப்படி ஏறும், எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும், விரல் எப்படி மறக்காமல் இருந்தது. எனிட் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். அவளுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அதே சமயம் அவன் பேச்சை நிறுத்த மாட்டானா என்றும் இருந்தது. அது என்ன என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. கணப்படுப்பின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் மணிகளைக் கேட்டபோது அவன் பட்டதும் இதே பொறாமைதான்.

சில வாரம் கழித்து அவன் சொன்னான்: "நெவ்கிட்ட கேட்டுத் துப்பாக்கியத் திரும்ப வாங்கிக்கோ. இப்ப எனக்கு ஒண்ணும் தோணாது. சத்தியமா."

எனிட் மறுநாள் நெவ்வுக்குப் போன் செய்தாள். துப்பாக்கியைச் சந்தோஷமாகத் தருகிறேன் என்றான் அவன். ஆனால் அவள் இடத்தில் மார்ஜியின் மருமகள் சுடுகிறாள், நன்றாகவே சுடுகிறாள். அடுத்த பருவம் பார்க்கலாமா என்று தயங்கினான். பரவாயில்லை என்றாள் எனிட். பிறகு வீட்டுத் தோட்டக் கோடிக்குப் போய், தொங்கிய பழைய தகட்டின் முன்னால் நின்று, வெறுங்கையைத் தோளுக்கு உயர்த்திப் பார்த்தாள். அந்தக் கருப்பு ஓட்டை தெரிந்தது. அதை அடிக்க வேண்டும் என்ற ஆசை எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை. கொடுக்கும்போது துப்பாக்கியை மட்டும்தான் கொடுக்கிறோம் என்று நினைத்திருந்தாள்.

"என்ன சொன்னான் நெவ்?" என்று உள்ளேயிருந்து மெர்வின் கேட்டான்.

"வாங்கிக்கச் சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். தோள் வலிக்குது இப்பல்லாம்."

அவன் அதை நம்பினானா என்று அவளுக்குத் தெரியாது. காதுகூர்ந்து கேட்டுப் பழகியவன் அவன்.

"வெள்ளிக்கிழமை என்கூட உள்ள வந்து உக்காரேன். கிளாட்வின் பொண்டாட்டிகூட வர்றா" என்றான்.

"பாக்கலாம்" என்றாள் எனிட்.

வெள்ளிக்கிழமை அவனை மண்டபத்து வாசலில் இறக்கி, கையைப் பிடித்துப் படியேற்றி, கதவுவரை கொண்டுபோய் விட்டாள். உள்ளே கிளாட்வின் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவன் கை அவள் கையை விட்டது. அவள் திரும்பி வந்து காரில் உட்கார்ந்தாள். மண்டபத்துச் சத்தம் கேட்காதபடி கண்ணாடியை மேலே ஏற்றி ரேடியோவைப் போட்டுக்கொண்டு, அவன் வெளியே வரும்வரை அங்கேயே காத்திருந்தாள்.