தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மிஞ்சியது

தேனி கடைவீதியில் என் இரும்புக்கடைக்கு எதிரே நகராட்சித் தண்ணீர்த் தொட்டி. அதன் சுவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வெற்றிலை எச்சிலும் கிழிந்த போஸ்டருமாக நாறிக் கிடக்கும். வியாபாரிகள் சேர்ந்து நகராட்சியில் அனுமதி வாங்கி, நல்லதாக ஒரு படம் வரையச் சொல்லி பெயிண்டர் சுருளியாண்டியிடம் சுவரை ஒப்படைத்தோம்.

அவனுக்கும் அந்தச் சுவர் தேவைப்பட்டது. கோம்பை அழகரின் மகள் சங்கிலியம்மாளை அவனுக்குப் பெண் கேட்டு நான்தான் போயிருந்தேன். "சுவத்துல கிறுக்குறவனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்க? சனிக்கிழமை சந்தைக்கு வருவேன், அவன் வேலையப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றுவிட்டார் அழகர்.

திருவிழாவில் ஒரே ஒரு தரம் பார்த்த பெண் என்று சுருளி சொல்லியிருந்தான். நம்பினேன். அதற்கு முன்பு கோம்பையில் ஓர் உர விளம்பரம் எழுதப் போனவன் ஒரு மாதம் கழித்துத் திரும்பி, மழை என்றான். அதையும் நம்பினேன்.

பயல் உயிரைக் கொடுத்து வரைந்தான். மலைமேல் சூரியன், கீழே வாழைத்தோப்பு, வெயிலுக்குக் கையை உயர்த்திப் பார்க்கும் ஒரு பெண், வரப்பில் ஒரு கோம்பை நாய். வெற்றிலை போட்டவர்கள் எச்சிலை வாயிலேயே அடக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை தேர்தலை அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு வாளியோடு ஓர் அதிகாரி வந்து நின்றார். பொதுச் சுவரில் எந்தக் கட்சிச் சின்னமும் இருக்கக் கூடாதாம்.

"சூரியன அழிங்கப்பா."

"சார், அது மேக்கு மலை. சூரியன் மறையுது, உதிக்கல" என்றான் சுருளி.

"சுவத்துல ரெண்டும் ஒண்ணுதான். வாழையையும் அழிங்க."

"வாழைய ஏன் சார்? ரெட்டை இலையா அது? இருபது இலை இருக்கு."

"இருபதுக்குள்ள ரெண்டு இருக்குல்ல."

அடுத்து பெண்ணின் கை போனது. கையில்லாத பெண்ணைப் பார்க்கச் சகிக்காமல் அவளையும், மிஞ்சிய மலையையும் வரப்பையும் சுருளியே அழித்துவிட்டான். நாயின் முன்னால் மட்டும் அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இது யாரு சின்னமும் இல்ல. இருக்கட்டும்."

சனிக்கிழமை காலையில் வெள்ளைச் சுவரில் அந்த நாய் மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது.

"கல்யாணம் போச்சு அண்ணாச்சி."

"ஏலே, வாய மூடு. நான் பேசிக்கிடுதேன்" என்றேன்.

அழகர் வந்தார். பின்னால் சந்தைப் பையோடு சங்கிலியம்மாள். தேர்தல், சின்னம், சுண்ணாம்பு என்று நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. நேராகச் சுவரருகே போய், நாயின் இடது காதிலிருந்த கிழிசலை விரலால் தொட்டார்.

"இது எங்க வீட்டுச் செவலையில்ல?"

"ஆமாய்யா" என்றான் சுருளி, நெஞ்சை நிமிர்த்தி. "அச்சு அசலா இருக்கா?"

"இருக்கு தம்பி. ஆனா வெளியாளக் கண்டா தொடையக் கவ்வுற நாய் அது. இங்கன பாரு, நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு எப்படிக் குழையுதுன்னு." மெதுவாகத் திரும்பினார். "எத்தன நாளாப் பழக்கம்?"

சங்கிலியம்மாள் பைக்குள் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள். உர விளம்பரத்துக்கு ஒரு மாதம் பிடித்தது ஏன் என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

அழகர் என்னிடம் வந்தார்.

"வீட்டுல நாய் வரைக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. நல்ல நாளாப் பாருங்க, அண்ணாச்சி."