எப்சிபாவுக்கு நான் எடுத்த பேப்பர்

எங்க காலேஜ்ல எலெக்டிவ் எடுக்கிற லட்சணத்தச் சொன்னா சிரிப்பீக. பேப்பர் பேரெல்லாம் பாக்க மாட்டோம். எத்தன மணிக்கு விடுறாகன்னுதான் பாப்போம். காமயகவுண்டன்பட்டிக்குப் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் நாலு பத்துக்கு. அத விட்டா ஆறரைக்குத்தான். அதனால எங்க ஊர்ப் பொண்ணுக அம்புட்டுப் பேரும் மூணாம் வருசத்துக்கு மூலிகைச் செடிகள்ங்கிற பேப்பர எடுக்கிறதுன்னு பேசி வச்சிருந்தோம். இன்னொண்ணு டிஷ்யூ கல்ச்சர், பாட்டிலுக்குள்ள செடி வளக்கிற படிப்பு. வாரத்துல ரெண்டு நாள் அஞ்சேகால் வரைக்கும் லேப்புல நிக்கணும். எவ நிப்பா?

எப்சிபா நிப்பா. மேகமலை எஸ்டேட் லைன் வீட்டுப் பொண்ணு, ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. முத வருசத்துல இருந்து எனக்குப் பக்கத்துலதான் உக்காருவா. அப்பா இல்ல. அவுக அம்மா அன்னத்தாய் தேயிலை பறிக்கிறாக, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. கிறிஸ்துமஸோட வேலைய நிப்பாட்டிரணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த எஸ்டேட்ல வேலைய விட்டா வீட்டையும் விடணும். வீட்டுல இன்னொரு ஆளு வேலைக்குப் பேரு குடுத்தா மட்டும் அங்கனயே இருக்கலாம்.

"செத்தாலும் நான் கொழுந்து பறிக்க மாட்டேன்டி ஜெசி"ம்பா. குமுளிக்கு அங்கிட்டு ஏலக்காய் நாத்து வளக்கிற லேப் ஒண்ணுல பேசி வச்சிருந்தா. டிஷ்யூ கல்ச்சர் எடுத்த பிள்ளைகள ஜனவரியில சேத்துக்கிருவாக. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டையும் அங்கனயே முடிச்சுக்கலாம், சம்பளம் உண்டு, ரூம் உண்டு, அம்மாவையும் கூட்டிட்டு வந்துக்கலாம்னாக. அதுக்கே அவ ஹாஸ்டல் பூராம் "எந்தா, சுகமாணோ"ன்னு மலையாளம் பேசி எங்க உசுர வாங்குனா.

எங்க கிளாஸுப் பொண்ணுகளுக்கெல்லாம் யுனிவர்சிட்டி போர்ட்டல்ல பதிஞ்சு குடுக்கிறது நாந்தான். ஆளாளுக்கு ஓடிபியச் சத்தம் போட்டுச் சொல்லுவாளுக, நான் அடிப்பேன். மலையில சிக்னல் கிடைக்காதுன்னு எப்சிபா பேருக்கு மட்டும் என் நம்பரையே குடுத்திருந்தோம். ஜூன்ல பதியிற நேரம் பாத்து அம்மாவுக்கு முடியலன்னு ஊருக்குக் கிளம்பிட்டா. பஸ் ஏறுறப்ப, "எனக்கு டிஷ்யூ கல்ச்சர்டி, மறந்துறாத"ன்னா. "மறப்பேனா, போடி லூசு"ன்னேன்.

மறக்கல. மறந்து தொலைச்சிருந்தாக் கூடப் பரவாயில்ல. கடைசி நாள் காலையில ஒம்பது மணிக்குப் பாக்குறேன், டிஷ்யூ கல்ச்சர்ல பத்தே பேரு. பதினஞ்சு பேரு சேரலன்னா பேப்பரையே நடத்த மாட்டாக. அதுல இருந்தவுகளத் தூக்கி, எந்த டிபார்ட்மெண்ட்ல இடம் இருக்கோ அங்கிட்டுத் தள்ளிருவாக. எப்சிபாவுக்கு மூணு தடவ போன் போட்டேன், லைனே போகல. சரி, எங்கிட்டோ தெரியாத இடத்துல போயி உக்கார்றதுக்குப் பதிலா எங்கூடவே இருக்கட்டும்னு அவளுக்கும் மூலிகைச் செடிகளையே போட்டு விட்டேன். போட்டப்புறம் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஆமா, பொய் என்னத்துக்கு? ஜனவரியில இவ போயிட்டா நான் யாரு கூட உக்காருவேன்னு மாசக்கணக்கா மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே கிடந்துச்சு.

பன்னெண்டு மணிக்குப் போர்ட்டல மூடிட்டாக. மூடுறதுக்கு அரைமணி நேரத்துக்கு முன்னாடி தேவாரம் ஊர்ப் பயலுக ஆறு பேரு ஒண்ணாப் போயி டிஷ்யூ கல்ச்சர்ல விழுந்திருக்கானுக. லேப்புல ஏசி ஓடுமாம். வெயிலுக்கு நல்லா இருக்குமாம். அட நாசமாப் போறவனுகளா! பதினாறு பேரோட பேப்பர் ஜம்முன்னு நடந்துச்சு.

டிபார்ட்மெண்ட் ஹெட் ஜெபஷீலா மேடம் கிட்டப் போயி அழுதேன். நல்லவுக, யுனிவர்சிட்டிக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டாக. ஓடிபி போட்டு உறுதி பண்ணுனத மாத்த வழியில்லன்னு பதில் வந்துச்சு. குமுளி லேப்காரரு, "அந்தப் பேப்பர் இல்லாட்டி எடுக்க மாட்டோம்"னு ஒரே பேச்சா முடிச்சிட்டாரு. எப்சிபா என்னைய ஒரு வார்த்த வையல. "நீ வேணும்னேவா செஞ்ச? விடுடி"ன்னா. ஓங்கி ரெண்டு அறை விட்டிருந்தா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கியிருப்பேன். அந்த அஞ்சு மாசமும் எம் பக்கத்துல உக்காந்து துளசியும் ஆடாதோடையும் படிச்சா. டிசம்பர்ல பரீச்சை எழுதி முடிச்சிட்டு, கடைசி செமஸ்டர விட்டுட்டு எஸ்டேட்ல பேரு குடுத்துட்டா.

பொங்கலுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை சின்னமனூர்ல பஸ் ஏறி மேல போனேன். அவ அம்மா கிட்ட உள்ளதச் சொல்லிரணும்னுதான் போனேன். சத்தியமா அதுக்குத்தான் போனேன். எப்சிபா அடுப்படியில டீ போட்டுக்கிட்டு இருந்தா. விரல்ல துணி சுத்தியிருந்தா, நகக்கண்ணெல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு. அன்னத்தாயம்மா கட்டில்ல கால நீட்டி உக்காந்திருந்தாக.

"வா ஆத்தா. இவ செஞ்ச வேலையப் பாத்தியா?"ன்னு ஆரம்பிச்சிட்டாக. "கையில கிடைச்ச பேப்பர வேணாம்னுட்டு வந்திருக்கா. ஏன்டின்னா, லேப்புல நின்னா கால் வலிக்குமாம். எங் கிட்டயே சொல்றா. இருவத்தெட்டு வருசமா இந்தச் சரிவுல நான் எந்தக் கால்ல நின்னேன்?"

எம் பேரச் சொல்லாம பழிய அவளே ஏத்துக்கிட்டிருக்கா. நான் எப்சிபாவப் பாத்தேன், அவ டீய ஆத்திக்கிட்டு இருந்தா.

"மூணு வருசமாப் பக்கத்துலயே உக்காந்திருந்தியே"ன்னு அவுக எங் கையப் பிடிச்சாக. "நீயாச்சும் எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

வாயத் தொறந்தேன்.

"சொன்னேன்மா"ன்னேன். "கேக்க மாட்டேன்னுட்டா."

எப்சிபா டம்ளர எங் கையில குடுத்தா.

"ஆமாம்மா, அவ சொன்னா"ன்னா.